பத்து மணி வேலை

கோழிக்காரம்மா ஒரு புதன்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தன் வீட்டு முற்றத்தில் ஒற்றைக்காலில் நின்றபடியே இறந்துபோனாள். இறந்த பிறகும் கீழே விழவில்லை. பதினொரு மணிக்கு முதலில் வந்து பார்த்தவள் மூத்த மகள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்த அவள், அம்மா என்று மூன்று தடவை கூப்பிட்டாள். பதில் வராமல் தோளைத் தொட்டாள். தொட்ட மாத்திரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. டாக்டர் வந்தார். நாடி பிடித்தார், இமையைத் தூக்கி டார்ச் அடித்தார், நெஞ்சில் குழாயை வைத்து ஒரு நிமிடம் கேட்டார், பிறகு சான்றிதழில் பத்து பத்து என்று நேரம் எழுதினார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை, படித்த மனிதர். இறந்தவரின் நிலை என்ற இடத்துக்கு வந்தபோது சற்று யோசித்துவிட்டு, வலது கால் தரையில், இடது கால் முழங்காலில் மடங்கிப் பின்பக்கமாக ஒன்றரைச் சாண் உயரத்தில், வலது கை பக்கவாட்டில் நீட்டி, இடது கை உடுப்பின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, பார்வை இரண்டடி முன்னால் தரையில், நாக்கு நுனி பற்களுக்கு நடுவில் என்று எழுதினார். இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். அவளுக்கு எழுபத்துநான்கு வயது.

தச்சர் அன்றைக்கே ஐந்தடிப் பெட்டியோடு வந்துவிட்டார். ஆனால் பெட்டிக்குள் வைக்க ஆளைச் சாய்க்க வேண்டுமே. ஆறு பேர் சேர்ந்து முட்டிப் பார்த்தார்கள், ஆணி அடித்த மாதிரி நின்றாள். தூக்கிப் பார்த்த இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். உடல் கெடவில்லை, ஈ மொய்க்கவில்லை. கோழிகள் வழக்கம்போல் அவள் காலடியில் மேய்ந்தன, இரண்டு கோழிகள் அங்கேயே முட்டையும் இட்டன. வியாழக்கிழமை காலை பத்து பத்துக்கு அவள் மூன்று விரற்கடை மண்ணுக்குள் இறங்கினாள். வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு இன்னும் மூன்று விரற்கடை. அந்த முற்றம் கடப்பாரை பட்டால் பொறி பறக்கும் கெட்டி மண், சுற்றிலும் ஒரு விரிசல்கூட விழவில்லை. பம்பு மெக்கானிக்கான மகன் கணக்குப் போட்டு, இதே வேகத்தில் போனால் இருபத்தேழாம் நாள் தலை மறைந்துவிடும் என்றான். ஊர்த்தலைவருக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது, குழி வெட்டும் வேலை மிச்சம் என்றார். சுகாதார அதிகாரி மட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அடுத்த புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் படுக்கவைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் நின்ற நிலையிலேயே சுற்றி வட்டச் சுவர் எழுப்பி மூடிவிடுவோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மகனும் சின்ன மகளும் சுவருக்குக்கூட ஒத்துக்கொண்டிருப்பார்கள். மூத்த மகள் ஒரே பிடியாக நின்றாள்.

"வாழ்நாள் பூரா நின்னாங்க. மண்ணுக்குள்ளயும் நிக்கணுமா? அவங்கள படுக்க வைக்காம நான் விடமாட்டேன்."

அவள் சொன்னதில் மிகை இல்லை. கோழிக்காரம்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியேதான் சாப்பிடுவாள். மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சாய்வு நாற்காலி இருபத்தைந்து வருடமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் வீட்டு மூலையில் இருந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு படுத்து அவர்கள் எழுவதற்கு முன் எழுந்துவிடுவதால், அம்மா படுத்தால் எப்படி இருப்பாள் என்பதே மூன்று பேருக்கும் தெரியாது. மூன்று பிள்ளைகளையும் நின்றுகொண்டுதான் பெற்றாள் என்று ஒரு பேச்சு உண்டு. பேறு பார்த்த மருத்துவச்சி கடைசிவரை அதை மறுக்கவில்லை. கணவன் கிணறு வெட்டும் கூட்டத்தோடு வெளியூர் போனவன். இரண்டு வருடம் கடிதம் எழுதினான், பிறகு எழுதவில்லை. அதற்கப்புறம் இரண்டு பசு, முப்பது கோழி, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மக்காச்சோளம், மூன்று பிள்ளைகள், பிறகு ஐந்து பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே வளர்த்து ஆளாக்கினாள்.

வழி சொன்னவர் தச்சர். பெட்டி சும்மா கிடக்கிறதே என்ற கவலை அவருக்கு.

"ஏதோ வேலைல பாதில நிக்கிறாங்க. பாதி வேலைய போட்டுட்டு அவங்க என்னிக்காவது படுத்திருக்காங்களா? அந்த வேலைய நீங்க முடிச்சுக் குடுங்க. தன்னால படுத்துக்குவாங்க."

எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. கேள்வி, என்ன வேலை என்பதுதான். அங்கேதான் இந்தக் குடும்பம் ஒன்பது வருடமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய விஷயம் வெளியே வந்தது. அம்மா பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு கட்டளை போட்டிருந்தாள்: காலை பத்திலிருந்து பத்தரை வரைக்கும் யாரும் போன் பண்ணக்கூடாது, வீட்டுக்கும் வரக்கூடாது, கை வேலையாக இருப்பேன். என்ன வேலை என்று கேட்டால், "வேலைன்னா வேலைதான், அதுல என்ன விளக்கம்" என்று வைத்துவிடுவாள். முட்டைகளைத் துடைக்கிறாள் என்று மகன் நினைத்திருந்தான். யாருக்கோ ரகசியமாகச் சமைத்துப் போடுகிறாள் என்று சின்ன மகளுக்கு ஒரு சந்தேகம். மூத்தவள் எதையும் நினைக்கவில்லை, அந்த அரைமணி நேரத்தில் அவளுக்கும் வேலை இருந்தது. இப்போது அந்த வேலையின் நட்டநடுவில்தான் அம்மா நிற்கிறாள், அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் இறங்கினான். கொட்டகையில் ஒரு பழைய தீவனம் வெட்டும் மிஷின் கிடந்தது. மிதியை ஒரு காலால் மிதித்தால் மேலே கத்தி இறங்கும். அப்பாவின் கடிதங்கள் நின்று இரண்டு வருடம் கழித்து அம்மா அதைச் சந்தையிலிருந்து தலையில் சுமந்து கொண்டுவந்தாள். அவனுக்கு அப்போது ஆறு வயது. கத்தி இறங்கும்போது கை உள்ளே போகாமல் இருக்கச் சத்தமாக எண்ணுவாள், அப்படித்தான் அவன் நூறு வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டான், பள்ளிக்கூடத்தில் இல்லை. கால் தூக்கியிருப்பது அடுத்த மிதிக்காகத்தான் என்று சத்தியம் பண்ணினான். மிஷினுக்கு எண்ணெய் விட்டு, அம்மா பக்கத்தில் இழுத்துவந்து, வெயிலில் நின்று ஒரு வண்டிச் சோளத்தட்டையை வெட்டித் தள்ளினான். வாய்விட்டு எண்ணிக்கொண்டே வெட்டினான், நாற்பத்தெட்டு வயது மனிதன். நூறு தாண்டியபோது அழுகையும் வந்துவிட்டது. மறுநாள் பத்து பத்துக்கு அம்மா மூன்று விரற்கடை இறங்கினாள்.

சின்ன மகளுக்கு உடுப்பின் ஓரத்தைப் பிடித்திருந்த கைதான் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு ஓடை உண்டு, மழைக்காலத்தில் முழங்கால் அளவு ஓடும். அம்மா அவளை முதுகில் ஏற்றி, உடுப்பைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்துக் கடப்பாள். அந்த ஓடையில் அம்மாவுக்கு ஒரு தடவைகூடக் கால் வழுக்கியதில்லை. ஒருநாள் நடுத்தண்ணீரில் நின்றுகொண்டு, "நீ படிச்சிட்டா நான் ஏன் இதுல நிக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னாளாம். சின்ன மகள் படித்து நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலைக்குப் போனாள், அப்புறம் ஓடையும் வற்றிவிட்டது. அவள் இப்போது முப்பது குடம் தண்ணீரை முற்றத்தில் கொட்டி, கற்களைப் போட்டு, ஒரு மூட்டை அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு அம்மாவைச் சுற்றி நடந்தாள். முற்றம் சேறானதுதான் மிச்சம். கோழிகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

இதற்கு நடுவில், சனிக்கிழமை காலையில், எதிர்வீட்டுக்காரி தானாகவே வாசலுக்கு வந்தாள். அவளுடைய சமையலறை ஜன்னல் நேராக இந்த முற்றத்தைப் பார்த்திருக்கும். மூத்த மகளுக்கு அதைப் பார்த்ததும் பொறி தட்டி, பத்து மணிக்கு அம்மா இங்கே என்ன வேலை செய்வாள் என்று ஆவலாகக் கேட்டாள். எதிர்வீட்டுக்காரி, "வேலையா? வேலை எதுவும் செய்ய மாட்டாங்களே" என்றாள்.

மூத்தவளுக்குச் சுரீரென்று ஏறியது. எழுபத்துநான்கு வருடம் ஓடாகத் தேய்ந்த ஒருத்தியை, அதுவும் செத்து நாலாம் நாள், வீட்டு வாசலில் நின்றுகொண்டு வேலை செய்யாதவள் என்று சொன்னால் யார்தான் பொறுப்பார்கள். "எங்கம்மா சும்மா நின்னாங்கன்னு சொல்ல வந்தீங்களா? உங்க ஜன்னல சாத்திட்டு உங்க வேலைய பாருங்க" என்று கேட்டைப் படாரென்று அடைத்தாள். மகனும் சின்ன மகளும் அக்கா செய்தது சரி என்றார்கள். அந்தக் குடும்பத்தில் யாரையும் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எதிர்வீட்டுக்காரி நல்லது சொல்ல வந்தால் இப்படியா என்று முணுமுணுத்துக்கொண்டே போய் ஜன்னலையும் சாத்திவிட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூத்த மகள் ஒருத்தியாகவே அம்மாவின் எல்லா வேலைகளையும் செய்து பார்த்தாள். தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். கோழிக் கூண்டைக் கழுவினாள், உமி புடைத்தாள், கிணற்றில் இறைத்தாள், விறகு பிளந்தாள், மிச்சமிருந்த சோளத்தை உதிர்த்தாள், வேலியில் கம்பி இழுத்துக் கட்டினாள், ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், கூரையில் ஓடு மாற்றினாள், காலில் முள் எடுப்பது மாதிரிகூட நின்று பார்த்தாள். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். பற்களுக்கு நடுவில் நாக்கு நுனி அப்படியே இருக்கும். ஊர்க்காரர்களும் தங்கள் பங்குக்கு யோசனை சொன்னார்கள். பாம்பைத் தாண்டியிருப்பாள் என்றார் பால்காரர். கால் மரத்துப்போயிருக்கும், உதறியிருப்பாள் என்றாள் டாக்டரின் மனைவி. மூத்தவள் கால் உதறுவதைக்கூட விடாமல் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவளுக்கு முழங்கால் வீங்கி, கையில் கொப்புளம் வெடித்து, கிணற்று மேடையில் சாய்ந்து நின்றாள். தானும் உட்காரவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை செங்கல் வந்து இறங்கியது.

அன்று மதியம் மூத்தவளுடைய மகள் வந்து சேர்ந்தாள். நில அளவைத் துறையில் வேலை, மலைப்பக்கம் எங்கேயோ எல்லைக்கல் நட்டுக்கொண்டிருந்தவளுக்குச் செய்தி போய்ச் சேரவே நாலு நாளாகிவிட்டது. பாட்டியின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தாள். இதுவரை எல்லோரும் பாட்டி எதைச் செய்துகொண்டிருந்தாள் என்று நினைவில் துழாவிக்கொண்டிருந்தார்கள். அளவைக்காரி தரையைப் பார்த்தாள், அது அவளுடைய தொழில் புத்தி. வலது கால் இறங்கியிருப்பது பதினைந்து விரற்கடை. தூக்கிய இடது கால் முதலில் ஒன்றரைச் சாண், அதாவது பதினெட்டு விரற்கடை, உயரத்தில் இருந்ததாக டாக்டரின் தாளில் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு மூன்று இறங்கினால் அந்தப் பாதமும் மண்ணைத் தொட்டாக வேண்டும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே அவள் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பத்து பத்துக்குப் பாட்டி இறங்கினாள். இடது பாதம் தொடவேண்டிய இடத்தில் அந்தக் கெட்டி மண் ஒரு கிண்ணம் அளவுக்குத் தானாகவே குழிந்து விலகிக்கொண்டது. பாதம் காற்றிலேயே நின்றது.

"அம்மா, இங்க வந்து பாரு. பாட்டி காலை ஊணமாட்டேங்கறாங்க" என்றாள் அளவைக்காரி. "மண்ணே வழிவிடுது. எந்த வேலைன்னாலும் கால் ஊணிக்கலாம்ல? ஊணவே கூடாதுன்னு எந்த வேலைல இருக்கு?"

மகன் யோசித்தான், சின்ன மகள் யோசித்தாள். அப்படி ஒரு வேலை உலகத்தில் இல்லை என்பதுதான் பதில். அளவைக்காரி அடுத்ததாக, முதல் நாள் தரை எப்படி இருந்தது என்று கேட்டாள். மூத்தவள் அப்போதுதான் யாரிடமும் சொல்லாத, சொல்லவேண்டும் என்றே தோன்றாத ஒன்றைச் சொன்னாள். அம்மா இறந்துவிட்டாள் என்று தெரிந்ததும், டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவள் முற்றத்தைப் பெருக்கினாள். நாலு பேர் வரப்போகிறார்கள், முற்றம் குப்பையாக இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது, அதனால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே விளக்குமாற்றை எடுத்து மூலை முடுக்கெல்லாம் சுத்தமாகப் பெருக்கிவிட்டாள்.

"அப்ப தரையில கோடு இருந்துச்சு. கோழி கிளறின கோடுன்னு நினைச்சேன். ஆனா நேரா இருந்துச்சு. ஒரு ஓட்டுச் சில்லும் கெடந்துச்சு, குப்பையோட அள்ளிப் போட்டுட்டேன்."

கட்டம் போட்டு, சில்லு எறிந்து, நொண்டியடிக்கிற ஆட்டத்தைத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. நம் அம்மாவா என்று சின்ன மகள்தான் கேட்டாள். மகன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். மூத்தவள் கேட்டைத் திறந்து, தெருவைக் கடந்து, சாத்தியிருந்த ஜன்னலைத் தட்டினாள்.

"அக்கா, அன்னிக்கு பேசினதுக்கு என்ன மன்னிச்சிருங்க."

எதிர்வீட்டுக்காரி உடனே மன்னித்துவிடவில்லை, அவளுக்கும் மானம் ரோஷம் உண்டு. "நீ என்ன வேலைன்னு கேட்ட. வேலை இல்லைன்னு சொன்னேன். விளையாட்டுன்னு சொல்ல வாய தொறக்கறதுக்குள்ள கதவ சாத்திட்ட" என்று இரண்டு தடவை சொல்லித் தீர்த்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டு விஷயத்துக்கு வந்தாள். ஒன்பது வருடமாக, கடைசிப் பசுவை விற்ற மறுவாரத்திலிருந்து, தினமும் பத்து மணிக்குக் கோழிக்காரம்மா தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பாள், கேட்டைத் தாழ்ப்பாள் போடுவாள், முட்டைக் கூடைக்குள்ளிருந்து சில்லை எடுப்பாள், குச்சியால் எட்டுக் கட்டம் போடுவாள். வீட்டுப் பக்கம் பார்த்துத் தொடங்கி, தெருப் பக்கம் பார்த்துத் திரும்புவாள். ஆடி முடித்ததும் கோட்டைக் காலாலேயே அழித்துவிடுவாள். அந்தப் புதன்கிழமை ஏழாவது கட்டத்தில் சில்லு விழுந்தது வரை எதிர்வீட்டுக்காரி பார்த்தாள், அப்புறம் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

"தனியாவா ஆடுவாங்க?"

"தனியாத்தான். ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆடுவாங்க. ஒரு ஆட்டம் தனக்கு, ஒரு ஆட்டம் இன்னொருத்திக்கு. 'இப்ப நீ ஆடு பெரியவளே'ன்னு சொல்லிட்டு, திரும்பி வந்து நின்னு உனக்காகவும் அவங்களே ஆடுவாங்க. கோட்ட மிதிச்ச, மிதிக்கலைன்னு சண்டை வேற நடக்கும்." எதிர்வீட்டுக்காரி தம்ளரைக் கழுவிக்கொண்டே, "பெரும்பாலும் நீதான் ஜெயிப்ப" என்றாள்.

மூத்தவள் அந்தச் சமையலறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எட்டு வயதில் நடந்தது அது. தெருவில் கட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள், ஆறு கட்டம் முடித்து ஏழாவதுக்குப் போயிருந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயிக்கிற நிலைமை. அப்பாவின் கடிதங்கள் நின்றுபோன மாதம் அது. அம்மா கேட்டருகில் நின்று, ஆடினது போதும், வேலை கிடக்கு என்று மூன்று தடவை கூப்பிட்டாள். நாலாவது தடவை கூப்பிடாமல் இறங்கி வந்து காலாலேயே கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு, அவள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மூத்தவள் ஆடவில்லை. யாரும் தடுக்கவில்லை, ஆனால் எப்போதும் ஏதாவது வேலை இருந்தது. அம்மா அதை மறந்துவிட்டாள் என்றுதான் நாற்பத்துநாலு வருடமாக நினைத்திருந்தாள். தன் மகளையும் இதேபோல எத்தனை தடவை கூப்பிட்டிருப்போம் என்று இப்போது எண்ணிப் பார்த்தாள், எண்ணிக்கை பிடிபடவில்லை. எதிர்வீட்டுக்காரி ஒரு தம்ளர் பால் கொடுத்தாள்.

புதன்கிழமை எட்டு மணிக்கே கொத்தனார் வந்து கலவை குழைக்கத் தொடங்கினார். முற்றத்துச் சேறு அதற்குள் காய்ந்திருந்தது. அளவைக்காரி நூல் பிடித்து, எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து சரிபார்த்து, எட்டுக் கட்டத்தையும் அதே இடத்தில் போட்டாள். பாட்டி தெருவைப் பார்த்தபடி, திரும்பி வரும் வழியில், எட்டாவது கட்டத்தின் நடுவில் நின்றாள். அடுத்தது ஏழு, அங்கே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். புதுச் சில்லு ஒன்றை ஏழில் வைத்தார்கள். பத்து பத்துக்கு அவள் இன்னும் மூன்று விரற்கடை இறங்கினாள். செய்தி பரவி ஊரே மதில் ஓரமாகக் கூடிவிட்டது. செருப்புத் தைப்பவர், கோழிக்காரம்மாவுக்கு வலது செருப்பு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தேய்ந்துபோகும், நான் கால் ஊனமோ என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன் என்றார். அம்மாவுக்குப் பதிலாக மகன் எட்டிலிருந்து நொண்டியடித்து, சில்லை எடுத்து, கட்டம் கட்டமாக வெளியே வந்தான். ஒன்றும் நடக்கவில்லை. சின்ன மகள் ஆடினாள், அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. மணி பதினொன்றரை ஆனது. சுகாதார அதிகாரி கடிகாரத்தைப் பார்க்க, கொத்தனார் முதல் செங்கல்லை எடுத்துவிட்டார்.

மூத்தவள் அவ்வளவு நேரமும் முதல் கட்டத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் ஆட்டத்தை இன்னொருத்தர் முடிக்க முடியாது என்பது எட்டு வயதிலேயே தெரிந்த விஷயம்தானே. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ அவுட்டு! கோட்ட மிதிச்சிட்ட."

அளவைக்காரி டேப்பைப் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா, கோட்டுல படலை. நாலு விரல் தள்ளி இருக்கு" என்றாள். நேர்மையான பெண்.

"நீ சும்மா இருடி. நான் பார்த்தேன், மிதிச்சாங்க. அம்மா, நீ அவுட்டுன்னா அவுட்டுதான். தள்ளிக்கோ. இப்ப எனக்கு ஆட்டம்."

கோழிக்காரம்மாவின் புருவம் சுருங்கியதை அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நாக்கு உள்ளே போனது. ஒத்துக்கொள்ள மனமில்லாமல் ஒரு நொடி நின்றாள், பிறகு இடது காலைத் தரையில் ஊன்றினாள். மண் வலது காலைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தது. இரண்டு காலாலும் நடந்து கட்டத்துக்கு வெளியே வந்தாள், மதில் நிழலில் போய் உட்கார்ந்தாள், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள் செய்வதுபோலக் கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். அம்மா படுத்தால் இப்படித்தான் இருப்பாள் என்று மூன்று பிள்ளைகளும் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். டாக்டர் போய் நாடி பார்த்துவிட்டு, தன் சான்றிதழில் திருத்த எதுவும் இல்லை என்றார். கூட்டத்தில் யாரும் கத்தவில்லை, மயங்கி விழவில்லை. அவுட்டானவள் தள்ளிப் படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். தச்சர் பெட்டியின் மூடியைத் திறந்து துணியால் துடைத்தார்.

தூக்குவதற்கு நாலு பேர் முன்னால் வந்தபோது மூத்தவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எனக்கு ஆட்டம் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள், ஆடாமல் எப்படி விடுவது. ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, வீங்கிய முழங்கால். சில்லை முதல் கட்டத்தில் எறிந்துவிட்டுக் காலை மடக்கினாள். மூன்றாவதில் தள்ளாடினாள், மகன் பிடிக்க ஓடினான், தொடாதே என்றாள். நாலாவது கட்டத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஆட்டத்தில் கவனம் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரி தன் ஜன்னலிலிருந்து கோடு, கோடு என்று எச்சரித்துக்கொண்டே இருந்தாள். சுகாதார அதிகாரி கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார், கொத்தனாரின் கலவை இறுகிப்போனது. ஏழாவது கட்டத்தில் அவள் வெகுநேரம் நின்று மூச்சு வாங்கினாள், பிறகு அதையும் தாண்டினாள். எட்டையும் முடித்து, குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டேகால். அதுவரைக்கும் மதில் ஓரம் படுத்திருந்த அம்மா ஒரு தடவைகூட அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.